போன காபிக் கறை ரெண்டே நாளில் திரும்பி வருவது ஏன்?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் மஸ்கிரேவ் பக்கம் வாடகை ஃப்ளாட், ஹாலில் சுவருக்குச் சுவர் க்ரீம் நிறக் கார்ப்பெட், மாமியார் கையிலிருந்து ஒரு மக் ரிக்காஃபி (சிக்கரி கலந்த இன்ஸ்டன்ட் காபி) பாலும் சர்க்கரையுமாகக் கொட்டிவிட்டது. வினிகரும் பேக்கிங் சோடாவும் போட்டு, மேலே பாத்திரம் கழுவும் சன்லைட் லிக்விட் விட்டுத் தேய்த்ததில் கறை போய்விட்டது. இரண்டு நாள் கழித்து அதே இடத்தில் ஓரம் பழுப்பாக வளையம் கட்டித் திரும்பி வந்திருக்கிறது. இப்போது ஜிக் ப்ளீச் ஊற்றலாமா என்று கேட்கிறீர்கள். மேலாகப் பார்த்தால் எதை ஊற்றுவது என்ற கேள்விதான். ஆனால் உங்களைக் குடைவது போன கறை எப்படித் திரும்பி வந்தது, கார்ப்பெட் கெட்டுவிட்டதா, வீட்டைக் காலி செய்யும்போது டெபாசிட் முழுசாகக் கைக்கு வருமா என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. அதையே சொல்கிறேன். ஜிக் விஷயத்துக்கு மட்டும் முதலிலேயே பதில்: வேண்டாம், பாட்டிலை மூடி வையுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

நான் டர்பனில் கார்ப்பெட் சுத்தம் செய்யும் தொழிலில் பல வருடம் இருந்தவன். சாட்ஸ்வொர்த் வீடுகளிலிருந்து உம்லாங்கா ஆபீஸ்கள் வரை எல்லா இடத்திலும் நான் அதிகம் பார்த்த கறை காபிதான். அதிலும் பாதிப் பேர் கூப்பிடுவது கொட்டின அன்றைக்கு இல்லை, உங்களை மாதிரி "போச்சு, திரும்ப வந்துடுச்சு" என்கிற கட்டத்தில்தான்.

அது ஏன் என்றால், கொட்டின காபியில் நம் கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம்தான். கார்ப்பெட் என்பது மேலே நூல், அந்த நூலைக் கோத்துப் பிடித்திருக்கும் அடித்துணி, அதற்கும் கீழே தரையோடு விரிக்கும் மெத்தை மாதிரியான அண்டர்ஃபெல்ட் என்று அடுக்கடுக்காக இருப்பது. ஒரு மக் காபி முழுசாகக் கொட்டினால் அது நூலோடு நிற்காது, நேராக அடித்துணிக்கும் அண்டர்ஃபெல்ட்டுக்கும் இறங்கிவிடும். நாம் மேலே துடைத்து நூல் நுனியைச் சுத்தம் பண்ணிவிட்டு நிம்மதியாகிறோம். அப்புறம் கார்ப்பெட் காயத் தொடங்குகிறது. ஈரம் ஆவியாவது நூல் நுனியில். நுனி காயக் காய அடியில் இருக்கும் ஈரம் நூல் வழியாக மேலே ஏறும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி. ஏறும்போது அடியில் தங்கின காபியையும் கரைத்து எடுத்துக்கொண்டு வந்து நுனியில் விட்டுவிட்டு, தண்ணீர் மட்டும் ஆவியாகிப் போகும். ஓரம் அதிகப் பழுப்பாக வளையம் கட்டுவதும் இதனால்தான். ஈரத்தின் எல்லையில்தான் சரக்கு அதிகம் சேரும். நீங்கள் துடைக்க நிறையத் தண்ணீர் விட்டிருந்தால், அடியில் இருந்ததை இன்னும் அகலமாகப் பரப்பியும் விட்டிருக்கும். ஆக, உங்களுடையது புதுக் கறையும் இல்லை, கார்ப்பெட் கெட்டதற்கு அடையாளமும் இல்லை. சொல்லப்போனால் ஒரு விதத்தில் நல்ல செய்தி: தண்ணீரில் கரைந்து மேலே ஏறி வருகிறது என்றால் அது இன்னும் நூலோடு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளவில்லை, எடுத்துவிடலாம்.

இதே மாதிரி தெரியும் இன்னொரு சங்கதி உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. சோப்பு சரியாக அலசாமல் நூலில் தங்கிவிட்டால் அது பிசுபிசுப்பாக இருந்து, நடக்கிறவர்கள் காலில் வரும் தூசியை எல்லாம் பிடித்து வைக்கும். அது இரண்டு நாளில் வராது. சில வாரம் கழித்து வரும், பழுப்பாக இல்லாமல் சாம்பல் நிறமாக இருக்கும், விரலால் தடவினால் நூல் விறைப்பாகவோ ஒட்டுகிற மாதிரியோ தெரியும். காபியில் இருந்த சர்க்கரையும் இதே வேலையைச் செய்யும். உங்களுக்கு இரண்டே நாளில் பழுப்பாக வந்திருப்பதால் முதல் வகை என்று தைரியமாகச் சொல்கிறேன். ஆனால் சன்லைட்டை நேராகப் பாட்டிலிலிருந்து ஊற்றினேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால் கவனிக்காமல் விட்டால் அடுத்த மாதம் இரண்டாவதும் வரும். பாத்திரம் கழுவும் லிக்விட் கெட்டதில்லை, நானே அதைத்தான் சொல்லப் போகிறேன், ஆனால் அளவு ஒரு டம்ளர் தண்ணீருக்குக் கால் டீஸ்பூன். அதற்கு மேல் போனால் அலசி எடுப்பதற்குள் உயிர் போய்விடும்.

வினிகரும் பேக்கிங் சோடாவும் சேர்ந்து நுரைப்பதைப் பார்த்தால் ஏதோ பெரிய வேலை நடக்கிற மாதிரி இருக்கும். நடப்பது என்னவென்றால் ஒன்று அமிலம், ஒன்று காரம், இரண்டும் ஒன்றையொன்று அடித்துப் போட்டுவிட்டு, கரியமில வாயு நுரையாகப் போய், தண்ணீரும் சோடியம் அசிடேட் என்கிற உப்பும் மிஞ்சும். அந்த உப்பு கறையை எடுக்காது, நூலில் தங்கும். வினிகர் தனியாக உபயோகமானது, சோடா மாவு தனியாக வாடைக்கு உபயோகமானது, சேர்த்தால் இரண்டும் வீண்.

காபி என்ன மாதிரிக் கறை என்று தெரிந்தால் மீதி எல்லாம் தானாகப் புரியும். கொட்டையை வறுக்கும்போது உண்டாகும் பழுப்புப் பொருட்கள்தான் நிறம், அதோடு டானின் குடும்பத்தைச் சேர்ந்த சங்கதிகளும் உண்டு. காபி லேசான அமிலம். ரிக்காஃபியில் சிக்கரி அதிகம் (நம் ஊர் ஃபில்டர் காபித் தூளிலும் சிக்கரி கலப்பவர்கள்தானே நாம்), சிக்கரியை வறுக்கும்போது அதன் சர்க்கரை கருகி வரும் நிறம் தண்ணீரில் நன்றாகக் கரையும், அதனால் சிக்கரி காபி வெறும் கறுப்பு காபியைவிடப் பெரிய எதிரி இல்லை. பால்தான் தொல்லை. பாலில் புரதமும் கொழுப்பும் இருக்கிறது, சூடு பட்டால் புரதம் உறைந்து நூலோடு பிடித்துக்கொள்ளும். அதனால் பால் காபிக்குக் கொதிக்கிற தண்ணீரோ, இஸ்திரிப் பெட்டியோ, நீராவி மெஷினோ முதலில் காட்டவே கூடாது. குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான தண்ணீர்தான். டர்பன் ஈரப்பதத்தில் அடியில் பால் தங்கினால் புளித்த வாடையும் வரும், ஜனவரி பிப்ரவரிக் கோடையில் நிச்சயம் வரும். கட்டிச் சோப்பும் வேண்டாம். கட்டிச் சோப்பு காரமானது, காபி, டீ மாதிரி டானின் கறையை இறுக்கிவிடும், எடுப்பது இன்னும் கஷ்டம்.

அடுத்தது, உங்கள் கார்ப்பெட் எந்த நூல் என்பது. இதைச் சொல்லாமல் யாராவது உங்களுக்கு மருந்து சொன்னால் கேட்காதீர்கள். வீட்டில் பில்ட்-இன் கப்போர்ட் இருக்கும், அதன் உள்மூலையில் ஓரமாக ஒரே ஒரு நூலை நகம்வெட்டியால் வெட்டி எடுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு விரலால் அமுக்கி, அதில் சிக்கியிருக்கும் காற்றுக்குமிழி எல்லாம் போகும்வரை பிழியுங்கள். விட்டவுடன் மேலே மிதந்து வந்தால் அது பாலிப்ரோப்பிலீன், தண்ணீரைவிட லேசானது. மூழ்கினால் நைலான், பாலியஸ்டர் அல்லது கம்பளி. மூழ்கிய நூலை எடுத்துக் காயவைத்து, இடுக்கியால் பிடித்து, கழுவுதொட்டிக்கு மேல் வைத்து நெருப்பு காட்டுங்கள். தலைமுடி பொசுங்கும் வாடை வந்து, எரிந்தது விரலில் தூளாக நொறுங்கினால் கம்பளி. உருகிக் கெட்டியான முத்தாக நின்றால் செயற்கை நூல். டர்பன் வாடகை ஃப்ளாட்டில் க்ரீம் நிறம் என்றால் பாலிப்ரோப்பிலீனாகவோ நைலானாகவோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், ஆனால் பழைய கட்டடம் என்றால் கம்பளியும் இருக்கலாம், நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பார்த்து நான் சத்தியம் செய்ய முடியாது. பாலிப்ரோப்பிலீன் என்றால் உங்களுக்கு யோகம்: அதில் நூல் ஆகும்போதே நிறம் கலந்துவிடுவதால் வெளியிலிருந்து வரும் தண்ணீர்ச் சாயம் உள்ளே இறங்காது, கறை மேலேதான் நிற்கும். நைலான் அப்படி இல்லை, அமிலச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் இடங்கள் அந்த நூலிலேயே இருக்கின்றன. அதனால்தான் நைலான் கார்ப்பெட்டுக்கு ஆலையிலேயே கறைத் தடுப்பு பூசுகிறார்கள், அந்தப் பூச்சு பழசாகப் பழசாகத் தேயும். கம்பளி எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும், எல்லாவற்றுக்கும் கோபித்துக்கொள்ளும்.

சரி, ஜிக். அது சோடியம் ஹைப்போகுளோரைட். கம்பளியில் பட்டால் மஞ்சளாக்கி நூலையே கரைத்துவிடும், இது மிகைப்பேச்சு இல்லை, கொஞ்சம் கம்பளி நூலை ஒரு கிண்ணம் ஜிக்கில் போட்டு வைத்தால் நீங்களே பார்க்கலாம். நைலானில் கறையோடு கார்ப்பெட்டின் சொந்த நிறத்தையும் எடுத்துவிடும், நூலும் நலியும், அந்த வெளுத்த திட்டை எந்தச் சுத்தம் செய்யும் மருந்தாலும் திரும்ப நிறமாக்க முடியாது. பாலிப்ரோப்பிலீன் தாங்கும்தான், ஆனால் அங்கேயே வினிகர் ஊற்றியிருக்கிறீர்களே! ஜிக்கும் வினிகரும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அம்மோனியா உள்ள சுத்திகரிப்பான் ஏதாவது முன்பே போட்டிருந்தால் வேறொரு விஷவாயு வரும். ஜன்னல் மூடிய ஹாலில், வயதானவர் இருக்கிற வீட்டில், இது விளையாட்டு இல்லை.

இப்போது செய்ய வேண்டியது. முதலில் நூலை இரண்டு கைவிரலாலும் பிளந்து அடித்துணி தெரியும்வரை பாருங்கள். அடியில் பழுப்பாக இருந்தால் நான் சொன்னது உறுதி. ஒரு ஸ்ப்ரே பாட்டிலில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து, வளையத்துக்கு ஒரு கை அகலம் வெளியிலிருந்து உள்நோக்கி, அடித்துணி நனையும் அளவு மட்டும் அடியுங்கள், குளம் கட்ட வேண்டாம். ஐந்து நிமிடம் விட்டு, வெள்ளைப் பருத்தித் துண்டை நாலாக மடித்துப் போட்டு அதன் மேல் ஏறி நில்லுங்கள். ஆமாம், நில்லுங்கள், கையால் அமுக்குவது போதாது. துண்டைத் திருப்பித் திருப்பி, பழுப்பு வருவது நிற்கும் வரை. நிறத் துண்டு வேண்டாம், சாயம் இறங்கும், தவிர எவ்வளவு காபி வருகிறது என்று உங்களுக்கும் தெரியாது. எந்தக் கட்டத்திலும் தேய்க்காதீர்கள், பிரஷ் பக்கமே போக வேண்டாம். தேய்த்தால் நூலின் முறுக்கு பிரிந்து பஞ்சு மாதிரி ஆகிவிடும், கறை போனாலும் அந்த இடம் வெளிச்சம் பட்டால் தனியாகத் தெரியும், அதைச் சரிசெய்யவே முடியாது. ஈரத்தையும் உறிஞ்சும் வேக்யூம் யாரிடமாவது இரவல் கிடைத்தால் துண்டைவிடப் பத்து மடங்கு மேல், அது அடியிலிருந்தே இழுக்கும். சாதாரண வேக்யூமில் தண்ணீர் இழுத்து ஷாக் வாங்கிவிடாதீர்கள்.

அப்புறம் பாலுக்காக அந்தக் கால் டீஸ்பூன் லிக்விட் கலந்த தண்ணீர், அதே மாதிரி அடித்து, அதே மாதிரி ஒற்றி. அடுத்தது வெறும் தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசல், நுரை வராமல் ஆகிற வரை. கடைசியாக ஒரு பங்கு வெள்ளை வினிகர், இரண்டு பங்கு தண்ணீர். இந்த வினிகர் காபியை மாயமாக்காது, ஆனால் மிஞ்சின சோப்பின் காரத்தை அடக்கும், டானின் நிறத்தைத் தளர்த்தும். இன்னொரு காரணமும் இருக்கிறது: பழைய கார்ப்பெட்டின் அடியில் சணல் துணி இருந்தால், அது ரொம்ப நேரம் ஈரமாக இருந்தாலே சணலின் சொந்தப் பழுப்பு மேலே ஏறிக் காபி மாதிரியே தெரியும், காரம் பட்டால் இன்னும் மோசம், அமிலம்தான் அதற்கும் மருந்து. புரதத்தை உடைக்கும் என்சைம் கலந்த துணி சோப்பை யாராவது பால் கறைக்குச் சொன்னால், செயற்கை நூலுக்குச் சரி, கம்பளிக்கு வேண்டவே வேண்டாம். கம்பளியும் புரதம்தான், என்சைமுக்குப் பால் எது ஆட்டு முடி எது என்று தெரியாது.

எல்லாம் முடிந்து கடைசியில் செய்கிற காரியம்தான் திரும்பி வராமல் தடுக்கிறது, இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஈரமாக இருக்கும்போதே கறை மேல் வெள்ளை டிஷ்யூவோ சமையலறைப் பேப்பரோ ஒரு விரல் கனத்துக்கு அடுக்கி, மேலே ஒரு பிளாஸ்டிக் பை, அதற்கு மேல் கனமாக ஏதாவது, அரிசி மூட்டை இருந்தால் அதுவே போதும், ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். அடியிலிருந்து ஏறி வருகிற ஈரம் நூல் நுனியில் நிற்காமல் பேப்பருக்குள் போய்விடும். காலையில் எடுத்துப் பார்த்தால் பேப்பரில் மஞ்சள் பழுப்பாக வளையம் இருக்கும், கார்ப்பெட்டில் இருந்திருக்க வேண்டிய வளையம் அது. பேப்பரில் நிறம் பிடித்திருந்தால் மறுநாள் கொஞ்சம் தண்ணீர் மட்டும் அடித்து இன்னொரு தடவை. பேப்பர் வெள்ளையாக வந்தால் முடிந்தது, ஃபேன் போட்டு நன்றாகக் காயவிடுங்கள். டர்பனில் மழைக்கால வாரம் என்றால் ஃபேன் இல்லாமல் விடாதீர்கள், பூஞ்சை வாடை வந்துவிட்டால் அது தனி வழக்கு.

இத்தனைக்கும் பிறகு லேசாக ஒரு மஞ்சள் நிழல் நிற்கலாம். இங்கிருந்து எனக்கும் உறுதி குறைகிறது. இதுவரை சொன்னது எந்த நூலுக்கும் ஆபத்தில்லாதது, இனிமேல் சொல்வது நூலைப் பொறுத்தது. மருந்துக்கடையில் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கிடைக்கும், 10 வால்யூம் என்றும் போட்டிருப்பார்கள். முடிக்குச் சாயம் போடும் 20, 30, 40 வால்யூம் வேண்டாம், அவை 6, 9, 12 சதவீதம். பழைய பாட்டில் என்றால் செத்துப் போயிருக்கும், நறுக்கின உருளைக்கிழங்கு மேல் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், நுரைத்தால் உயிர் இருக்கிறது. முதலில் கப்போர்டுக்குள் மறைவான இடத்தில் தடவி, ஒரு நாள் விட்டு நிறம் மாறவில்லை என்று பார்த்த பிறகு, கறையின் மேல் நூல் நுனி மட்டும் நனையும்படி தடவி, பிளாஸ்டிக் தாள் மூடி சில மணி நேரம் விடலாம். வேலை முடிந்தால் அது தண்ணீராகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிந்துவிடும், இருந்தாலும் நான் ஒரு தடவை அலசுவேன். பாலிப்ரோப்பிலீன், க்ரீம் நைலான் இரண்டிலும் பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்யும். கம்பளியில் போகவும் போகலாம், அந்த இடம் மட்டும் சுற்றிலும் இருப்பதைவிட வெளுக்கவும் செய்யலாம். கம்பளி என்றால் இந்தக் கட்டத்தில் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள் என்பேன். உப்பு தூவு, சோடாத் தண்ணீர் ஊற்று என்றெல்லாம் சொல்வார்கள், சோடாத் தண்ணீரில் வேலை செய்வது தண்ணீர்தான். உப்பு கொட்டின நிமிடத்தில் கொஞ்சம் உறிஞ்சும், காய்ந்த கறைக்கு ஒன்றும் செய்யாது. இதே முறையை டீக்கும் செய்யலாம். பூஜை அறை மஞ்சள் கறைக்கு மட்டும் செய்யாதீர்கள், மஞ்சள் வேறு சாதி, காரம் பட்டால் சிவக்கும், வெயில் பட்டால் வெளுக்கும்.

ஆளைக் கூப்பிடுவதாக இருந்தால், அடித்துணியிலிருந்து தண்ணீரை உறிஞ்சி எடுக்கும் மெஷின் இருக்கிறதா என்று கேளுங்கள். சுழலும் துணி வைத்து மேலே மட்டும் துடைக்கிற மெஷின் கொண்டு வந்தால் உங்கள் பிரச்சினைக்கு அது நீங்கள் ஏற்கனவே செய்ததுதான், காசு மட்டும் கூட. என்னென்ன ஊற்றினீர்கள் என்று ஒன்று விடாமல் சொல்லிவிடுங்கள், வெட்கப்பட வேண்டாம், அவர்கள் எல்லாவற்றையும் பார்த்தவர்கள். "நூறு சதவீதம் கேரண்டி" என்று பார்க்காமலே சொல்கிறவரை விட்டுவிடுங்கள்.

டெபாசிட் விஷயம். நான் வக்கீல் இல்லை, ஆனால் வாடகை வீடுகளில் வேலை செய்ததால் இது அடிக்கடி காதில் விழும். 1999-ம் வருட வாடகை வீட்டுச் சட்டப்படி, குடிவரும்போதும் காலி செய்யும்போதும் வீட்டுக்காரரும் நீங்களும் சேர்ந்து வீட்டைப் பார்க்க வேண்டும். காலி செய்யும்போது பார்ப்பது வாடகைக் காலம் முடிவதற்கு முந்தைய 3 நாளுக்குள். உங்களை வைத்துக்கொண்டு அவர் பார்க்கவில்லை என்றால் வீடு நல்ல நிலையில் இருந்ததாக அவரே ஒப்புக்கொண்டதாகத்தான் கணக்கு. பாக்கி எதுவும் இல்லையென்றால் டெபாசிட்டை வட்டியோடு 7 நாளுக்குள் தர வேண்டும், ரிப்பேர் செய்து கழித்தால் வீட்டை ஒப்படைத்து 14 நாளுக்குள் மீதியை, ரசீதைப் பார்க்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. தகராறு வந்தால் வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்தில் காசில்லாமல் புகார் கொடுக்கலாம். நடந்து நடந்து தேய்ந்த கார்ப்பெட்டுக்குக் கழிக்க முடியாது, ஆனால் கொட்டின காபி தேய்மானக் கணக்கில் வராது, அதனால் குடிவந்தபோது எடுத்த போட்டோ இருந்தால் பத்திரமாக வையுங்கள், ஏற்கனவே எத்தனை கறை இருந்தது என்பதற்காவது உதவும்.

எதுவுமே பலிக்கவில்லை என்றாலும் ஹால் முழுக்க மாற்றித் தர வேண்டியதில்லை. கார்ப்பெட் போடுகிற ஆள் ஒருவர் கறை பட்ட இடத்தை மட்டும் வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, அதே கார்ப்பெட் கப்போர்டுக்குள்ளும் போட்டிருந்தால் அங்கிருந்து அதே அளவு துண்டு எடுத்து, நூல் சாயும் திசை பார்த்து ஒட்டிவிடுவார். புதிதில் கொஞ்சம் தெரியும், கப்போர்டுத் துண்டு மிதிபடாதது இல்லையா, சில மாதத்தில் கலந்துவிடும். வெட்டுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள், வாட்ஸ்அப்பில் என்றாலும் போதும், அந்த மெசேஜை அழிக்காமல் வையுங்கள்.